அன்றைய முகம்

பார்வையற்ற பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் அது. படங்கள் திரையில் மேடாக எழும்பும். விரலால் தடவிப் பார்க்கலாம்; பிள்ளை சொன்னால் கேட்டுப் படத்தை மாற்றவும் செய்யும். கதையில் வரும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வீட்டில் இருப்பவர்களின் அன்றைய முகத்தையே புத்தகம் பார்த்து வைத்துவிடும். பிள்ளைக்குப் பழகிய முகமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

கதையில் அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தடவிக்கொண்டே வந்த செவ்வந்தி, அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே விரலை நிறுத்தினாள்.

“அம்மா, இங்க வீங்கியிருக்கு.”

“படம் சரியா வந்திருக்காதுடி,” என்றாள் வினோதா. சளி ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, சில நாளாகவே மகளைத் தன் முகத்தைத் தொட விடாமல் வைத்திருந்தாள்.

செவ்வந்தி பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் அப்பா இருந்தார். முகத்தை விட்டுவிட்டு அவர் கையை மட்டும் வெகுநேரம் தடவினாள். பிறகு புத்தகத்திடம் குனிந்து, “அப்பாவ எடுத்துடு,” என்றாள், குரலைத் தாழ்த்தி.

“எடுத்துவிட்டேன்,” என்றது புத்தகம். விரலுக்குக் கீழே அந்த இடம் வழவழவென்று ஆனது.

வாசலில் பைக் வந்து நின்றது. வினோதா சட்டென்று எழுந்தாள். செவ்வந்தி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.