ஜோடி செய்ய மாட்டேன்

"முடியாதுன்னா முடியாது அத்தை. நண்டு விக்கிக்கு, இறால் ராகுலுக்கு. ஒரே மாதிரி ரெண்டு செய்ய மாட்டேன்."

தேவகி இப்படிச் சொன்னதும் லோகாம்பாளுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது. அப்படி என்ன கேட்டுவிட்டாள்? ஒட்டியாணமா கேட்டாள்?

வெள்ளிக்கிழமை புதுப் படகு தண்ணீரில் இறங்குகிறது. அன்று லோகாம்பாளின் மகன்கள் இருவரும் அரைஞாண் கயிற்றில் பொன்னால் ஓர் உருவம் கோத்துக் கட்டிக்கொண்டு படகேற வேண்டும். கோட்டைக்குப்பத்தில் நாலைந்து வருஷமாக இதுதான் வழக்கம். அதைக் கிளப்பிவிட்டவளே இந்தத் தேவகிதான்.

"ஒருத்தனுக்கு நண்டு, ஒருத்தனுக்கு இறாலுன்னா மருமவளுங்க என் தலைய உருட்டுவாளுங்கடி. எது ஒசத்தி, எது மட்டம்னு தெனம் சண்டை. ரெண்டுத்தையும் நண்டாவே செஞ்சுடு."

"அப்போ வேற ஆளப் பாரு."

தேவகியின் திமிர் ஊரறிந்தது. மற்றவர்கள் மாங்காய், மயில், தாமரை என்று நகை செய்தால், இவள் சேற்று நண்டையும் உடைந்த சிப்பியையும் வலை முடிச்சையும் பொன்னில் வார்ப்பாள். சென்னைப் பெண்கள் கார் போட்டு வந்து வாங்கிப் போகிறார்கள். பெரிய நகைக்கடைக்காரர் ஒருவர் வந்து, இதே நண்டு நூறு வேண்டும் என்று கேட்டபோது, ஒரு டீ கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பியவள் இவள். ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யவே மாட்டாள்.

படகுக்காரர்களுக்குச் செய்தால் மட்டும் கூலி வாங்குவதில்லை. அதுவும் திமிர்தான் என்பது லோகாம்பாளின் கட்சி.

"புருஷன் போனப்பறம் உனக்குக் கொம்பு மொளச்சிடுச்சுடி. இரு, ஊர்ல வெச்சுக் கேக்கறேன்."

சொன்னபடியே கேட்டாள். மறுநாள் மீன் ஏலம் முடிந்ததும் ஏலக்கூடத்திலேயே ஊர்த் தலைவர் பொன்னுரங்கம் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு ஜனம் சுற்றி நின்றது. தேவகி கையில் அச்சு மெழுகின் கறையோடு பட்டறையிலிருந்து நேராக வந்து நின்றாள்.

"இன்னாம்மா தேவகி, அந்தம்மா ஆசையா கேக்குது. ரெண்டு நண்டு செய்யறதுல உனக்கு இன்னா கஷ்டம்?"

"கஷ்டம் ஒண்ணும் இல்ல மாமா. செய்ய மாட்டேன், அவ்ளோதான்."

"காரணம் சொல்லு."

"என் கை, என் வேலை. காரணம் எதுக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது.

"இந்தா பாரும்மா. ஊருல இருந்தா ஊரு பேச்சுக் கேக்கணும். இல்லன்னா நாளையிலேர்ந்து உன் வாசப்படிய எவனும் மிதிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டுடுவேன். உன்கூடப் பேச ஆள் இருக்காது. ஒரு கொடம் தண்ணி தர ஆள் இருக்காது."

"தாராளமா போடுங்க. பட்டறையத் தூக்கிக்கினு பக்கத்து ஊரு தோணிரேவுக்குப் போயிடறேன். அங்கயும் ஒரே மாதிரி ரெண்டு செய்ய மாட்டேன்."

இப்படி ஒரு பதிலை அந்தக் கூடம் இதுவரை கேட்டதில்லை.  லோகாம்பாளுக்குத்தான் பொறுக்கவில்லை. நாலு பேர் முன்னால் தோற்றுப் போவதை அவளால் தாங்க முடியாது.

"பாத்தீங்களா இவ வாய? புருஷன் கேசவன் இருந்தப்போ இப்படியா பேசுனா? பேப்பர்ல போட்டோ வந்ததும் மண்டை கனத்துப் போச்சு. ஏண்டி, என் புள்ளைங்க ஒரே வவுத்துல பொறந்ததுங்க. ஒரே ஒசரம், ஒரே ஒடம்பு. பின்னாடிலேர்ந்து பாத்தா எனக்கே யாரு எவன்னு தெரியாது. ஒரே மாதிரி போட்டா உனக்கு இன்னாடி கொறஞ்சிடும்?"

தேவகி விரலில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிப் போட்டாள்.

"அத்தை, கேசவன் கரை ஒதுங்கினப்போ நீயுந்தான ஆஸ்பத்திரிக்கு வந்த?"

"வந்தேன். வெளிய உக்காந்து மார்ல அடிச்சிக்கினு அழுதேன். அதுக்கு இன்னா இப்போ?"

"நீங்கள்லாம் வெளிய இருந்தீங்க. உள்ள கூப்டது என்னை மட்டும்தான். அங்க ரெண்டு பேரப் படுக்க வெச்சிருந்தாங்க. ஒண்ணு இவரு. இன்னொண்ணு ஆந்திரா பக்கத்து ஆளு. அதே காத்துல கவுந்த வேற படகு. அந்தாளு பொண்டாட்டியும் என் பக்கத்துல நின்னுக்கினு இருந்தா."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

"ஆறு நாள் தண்ணியில கெடந்த ஒடம்பு. மூஞ்சி இல்ல. ரெண்டு பேரு இடுப்புலயும் அரைஞாண் கவுத்துல வெள்ளி மீனு. ஒரே திருவிழாக் கடையில, ஒரே அச்சுல வார்த்தது. நான் என் புருஷனுதுன்னேன். அவ அவ புருஷனுதுன்னா."

 விக்கியும் ராகுலும் கூட்டத்தின் பின்னால் தோளோடு தோள் உரசி நிற்பதை லோகாம்பாள் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் இப்போது சண்டை இல்லை.

"அப்பறம் எப்படிடி கண்டுபுடிச்ச?"

"கண்டுபுடிக்கல அத்தை" என்றாள் தேவகி. "ஆளுக்கு ஒரு ஒடம்ப எடுத்துக்கினு வந்துட்டோம்."