காலமை விழுந்த வாக்கு

தேர்தல் வட்டார எல்லையை மாற்றி எங்கடை ஒழுங்கையைப் பக்கத்து வட்டாரத்தோடு ஒட்டியதில், கட்சிக்கார நிமலனுக்குத்தான் புளுகமும் சந்தோசமும். பழைய வட்டாரத்தில் அவன்ரை கட்சி ஒருமுறையும் வென்றதில்லை. புது வாக்குச்சாவடியிலோ ஆரையும் ஆருக்கும் தெரியாது.

போரில் காணாமற்போன மகனின் பேரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டவிடாத றஞ்சிதம் மாமி, ஒவ்வொரு தேர்தலிலும் கேட்கிறதை இந்தமுறையும் கேட்டா.

"என்ரை சுதாகர் வந்தவனோ?"

சாவடி அலுவலர் இடாப்பைப் பார்த்தார்.

"ஓம் அம்மா, காலமையே வாக்களிச்சிட்டார்."

மாமி அழுதுகொண்டு வெளியே ஓடிவந்தா. வாசலில் அகப்பட்டவன் நிமலன்.

"தம்பி, விடியத்தொடக்கம் நீ இஞ்சைதானே நிண்டனி. பிள்ளை மெலிஞ்சிட்டானோ?"

நிமலன் மை பூசிய விரலைப் பொத்திக்கொண்டான். சுதாகரின் வாக்கைப் போட்டவன் அவன்தான்.

"இல்லை மாமி," என்றான். "நல்லாத்தான் இருக்கிறான்."