ஒப்பிட வைத்த ரத்தம்

மைக்ராஸ்கோப்பில் வைத்த கண்ணைச் சரசம்மாவால் எடுக்க முடியவில்லை. மதிய வெயில் மேசைமேல் இருக்கும் இரண்டு தட்டுகளிலும் மினுங்குகிறது. இரண்டிலும் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள். காலையில் தளக்கல் பதித்த மாதிரி ஒட்டியிருந்தவை. ஒன்றில் ஈயப் பட்டறை ஆட்களின் ரத்தத் தெளிநீரை விட்டார்கள். அதிலுள்ள செல்கள் சுருங்கிப் பிரியும் என்று எதிர்பார்த்ததுதான். ஒப்பிட்டுப் பார்க்க, பட்டறை வாசலையே மிதிக்காத ஒருவருடையதை மற்றதில் விட்டார்கள். அதுவும் பிய்ந்து கிடக்கிறது. "தட்டு மாறிப்போச்சா, சரசம்மா?" என்கிறார் ஆய்வாளர் ஃபகருன்னிசா. "இல்லீங்க மேடம்." "அப்போ இது யாரோட ரத்தம்?" சரசம்மாவின் விரல்கள், காலையில் ஊசி குத்திய முழங்கை மடிப்புப் பஞ்சை அழுத்துகின்றன. மூக்கண்டப்பள்ளியில், பட்டறைப் புகைபோக்கிக்குக் கீழேதான் அவள் வீடு. அங்கே இந்நேரம், காற்றுக்காக ஜன்னலைத் திறந்துபோட்டு மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.