நிலாவுக்கு ஒரு மேகம்

போன வாரமே காய்ந்துவிட்ட கடலின் மேல் நிலா வெளிச்சத்தை இழுத்துக்கொண்டிருந்தாள் மகள். தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சத்தை நீலத்தின் மேல் பட்டும் படாமலும் தேய்க்க வேண்டும். அண்ணனை விழுங்கிய கடல் என்ற நினைப்பெல்லாம் கைக்கு எட்டவில்லை. அது தன்பாட்டுக்கு வேலை செய்தது.

லாட்ஜ் அறைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். இந்தத் தடவை நிலாக் கடல்தான் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். அண்ணன் காணாமல் போவதற்கு முன்பு கேட்டது. அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அண்ணன் காவல் பார்த்த கிடங்கு எரிந்துபோனது. தீ வைத்ததே அவன்தான் என்று முதலாளி கைகாட்டிவிட்டார். அடுத்த பௌர்ணமியன்று சின்னப் படகை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. அவமானம் தாங்காமல் கடலில் விழுந்துவிட்டான் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது.

அம்மா அழவில்லை. அன்றிலிருந்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். படு என்றால் படுக்கிறாள்.

காலையில் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். "உடம்பு எங்கயாவது ஒதுங்குச்சுன்னா சொல்லி அனுப்புறோம்மா" என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போதுதான் முதல் முறையாகப் படத்தின் பக்கம் திரும்பினாள்.

"நிலா ரொம்பப் பளிச்சுன்னு இருக்கு."

"பௌர்ணமிம்மா. அப்படித்தான் இருக்கும்."

"ஒரு மேகத்தப் போட்டு மூடேன்."

பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள் மகள். கறுப்பையும் நீலத்தையும் குழைத்து, தட்டைக் கத்தியால் நிலாவில் பாதியை மூடினாள். மேனேஜர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

பிறகு, யாரும் கேட்காமலேயே, தொலைவில் ஒரு சின்னப் படகை வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. படகின் நுனியில் மஞ்சளில் ஒரு பொட்டு.

"என்னடி அது?"

"விளக்கும்மா. அண்ணன் வந்துக்கிட்டு இருக்கான்னு வச்சுக்குவோமே."

அம்மா எழுந்து வந்தாள். டர்ப்பன்டைனில் நனைந்து கிடந்த துணியை எடுத்து, மஞ்சளை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள். படகின் ஓரமும் கொஞ்சம் கலைந்து இருட்டோடு கலந்தது.

மகளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணன் போன நாளிலிருந்து எதுவுமே வரவில்லை.

"நீயும் அவன தலைமுழுகிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா போய் வாசலை எட்டிப் பார்த்தாள். தெருவில் ஆள் இல்லை. கதவைத் தாழ்போட்டாள். ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து மகளின் காதோரம் குனிந்தாள்.

"விளக்க அணைச்சிட்டுத்தான் போகச் சொல்லியிருந்தேன்."