மெரினுக்கு வந்த சீட்டு

“இந்தச் சீட்டை எழுதினது யாரு? எனக்குப் பேரு வேணும்.”

அதை மட்டும் யாரும் கேட்கவே கூடாது என்று தவக்காலம் தொடங்கியபோதே பங்குக் கோயில் சாமியார் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். மெரின் அதையே கேட்டுக்கொண்டுதான் நெல்லித்தோப்பு பேக்கரிக்குள் நுழைந்தாள்.

கல்லாவில் இருந்த ஜெஸ்வின், பங்கு இளைஞர் மன்றச் செயலாளர், பன் பொட்டலம் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

மன்றத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான். குலுக்கிப் போட்ட பெயர்களில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். அந்த ஆள் திருத்திக்கொள்ள வேண்டியதை அன்பாக ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடாதபடி ஜெஸ்வின் எல்லாவற்றையும் தன் கையால் படியெடுத்து உரியவரிடம் சேர்ப்பான்.

“பேரெல்லாம் சொல்லக் கூடாது மெரின். சொன்னா நீ போய்ச் சட்டையப் பிடிப்ப.”

“பிடிக்க மாட்டேன்.”

“அபிய மட்டும் விட்டுட்டியா என்ன?”

மெரின் கையிலிருந்த சீட்டைப் பிரித்தாள். மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிக்கத் திணறிய எட்டு வயது அபியைப் பார்த்து, “மண்டையில என்னதான் இருக்கு?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். அழுதுகொண்டே அரியாங்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் போன குழந்தை அடுத்த ஞாயிறு வரவில்லை. இனி அந்த வகுப்பை எடுப்பதா, விட்டுவிடுவதா என்று அன்றிலிருந்து மெரின் புழுங்கிக்கொண்டிருந்தாள்.

“‘உன்ன மாதிரி பாடம் நடத்த ஆளில்ல. கோபம் வந்தா பிள்ளையைத் தனியா கூப்பிட்டுச் சொல்லு. அபி உன்னைத் தேடுவா.’ இப்படி இருக்கு. எழுதினது யாரு?”

“நல்லாத்தானே இருக்கு? இதுக்குப் போயி சண்டைக்கு வர்ற?”

“பெட்டியில இருந்தத அப்படியே படியெடுத்தியா?”

ஜெஸ்வின் முகம் மைதா மாவாய் வெளுத்தது.

“இல்ல. வந்த சீட்டு வேற. இடது கையால கிறுக்கின மாதிரி கோணக்கோண எழுத்து. ‘நாலெழுத்து படிச்ச திமிரு. வீட்ல மொத டிகிரின்னா பெரிய இவளா நீ? லாயக்கில்ல, போயிடு’ன்னு இருந்துச்சு. அத எப்படி உங்கிட்ட குடுக்கறது? அடுப்புல போட்டுட்டேன். இது நானா எழுதினது. சாமிகிட்ட சொல்லிடாத.”

“மாத்தறதுக்கு நீ யாரு?”

“தப்புதான். ஆனா ஒருத்தரத் திருத்தறதும் மிதிக்கறதும் ஒண்ணா? அந்த ஆளு மட்டும் கையில கிடைக்கட்டும், கேக்காம விடமாட்டேன்.”

“என்னன்னு கேப்ப?”

“அந்தப் பொண்ணு மேல உனக்கு ஏன் இவ்ளோ வெறுப்புன்னு கேப்பேன்.” கொஞ்சம் யோசித்தான். “தனியா கூப்பிட்டுத்தான் கேப்பேன். சத்தம் போடாம.”

மெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கேட்டாச்சு. விடு.”

“யாருகிட்ட?”

“அபிக்கு எந்த பன் பிடிக்கும்?”

“தேங்கா பன். எதுக்கு?”

“மன்னிப்பு கேக்கப் போறவ வெறுங்கையோடவா போறது? ரெண்டு கட்டு. வர்ற ஞாயிறு வகுப்பு நான்தான் எடுக்கறேன்.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அந்தக் குலுக்கலில் தன் கைக்குத் தன் பெயரே வந்ததை மட்டும் அவள் கடைசிவரை அவனிடம் சொல்லவில்லை.