யாருக்கு அந்த வசனம்?

"இன்னைக்கும் குத்து எனக்குத்தான்!"

குடும்ப ஜெபம் முடிந்து அறைக்குள் வந்ததும் வராததுமாகப் புருஷனிடம் பொரிந்து தள்ளினாள் மருமகள்.

"என்ன குத்து? அப்பா வேதம்தானே வாசிச்சார்?"

"என்ன வாசிச்சார்? அடைமழையில ஒழுகுற கூரையும் சண்டைக்காரப் பொம்பளையும் ஒண்ணுன்னு! நேத்து வேலை முடிஞ்சு லேட்டா வந்தேன். 'இது வீடா, லாட்ஜா?'ன்னு அத்தை கத்தினாங்க. பதிலுக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். விடிஞ்சதும் சண்டைக்காரி வசனம்!"

"தற்செயலா அமைஞ்சிருக்கும்."

"பால் பொங்கி வழிஞ்சதுக்குக் கத்தினாங்களே, மறுநாள் மாமா என்ன வாசிச்சார்? நாக்கு நெருப்பாம். வாஷிங் மெஷின்ல மாமா சட்டை ரோஸ் கலர் ஆச்சே, மறுநாள்? சாந்தமான பதில் கோபத்தை ஆத்துமாம். எல்லாம் அத்தை பார்த்து வச்சு மாமாகிட்ட எடுத்துக் கொடுக்கிறது. என் கண்ணால பார்த்தேன்."

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று கல்யாணமானவனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

"போன வாரம் நாம தனியா போகப் பார்த்தோமே, அந்த வாடகை வீட்டுக்காரர் மத்தியானத்துக்குள்ள பதில் கேட்டிருக்கார். சரின்னு சொல்லப் போறேன். ஜெபத்துல உட்கார வச்சுத் திட்டுற வீட்டுல இனி என்னால இருக்க முடியாதுங்க."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அத்தை என்று ஒருத்தி கிடைக்கப் போகிறாள் என்று எவ்வளவு ஆசையோடு இந்த வீட்டுக்கு வந்தாள்!

கூடத்தில் மாமா அந்த ரோஸ் சட்டையோடு உட்கார்ந்து வேதாகமத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"மாமா, மனசுல வச்சுக்கிட்டுப் போக விரும்பல. வேதத்துல எத்தனையோ ஆறுதல் வசனம் இருக்கு. என்னைக் குத்துறதுதான் உங்க கண்ணுல படுமா?"

"உன்னையா?" மாமா கண்ணாடியைக் கழற்றினார். "அதை நானா எடுத்தேன்? உன் அத்தை எடுத்துக் கொடுத்ததும்மா."

"தெரியும் மாமா. அதனாலதான் தனியா போயிடலாம்னு..."

மாமா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். உள்ளே பாத்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தினார்.

"அடி அசடே! சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. உன்கிட்ட கத்திட்டா அன்னைக்கு அவளுக்குத் தூக்கம் வராது. வேதத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டுத் தேடுவா. 'புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்கப் போனா வாய் வர மாட்டேங்குது. எனக்கு உறைக்கிற மாதிரி இதை அவ முன்னாடியே வாசிங்க, நல்லா சத்தமா'ம்பா."

"அப்ப அந்தச் சண்டைக்காரி...?"

"அவளேதான். அதுல என்ன சந்தேகம்? கல்யாணமான நாள்ல இருந்து எனக்குக் கிடைக்காத மன்னிப்பும்மா அது!"

மருமகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முணுமுணுத்தபடி போனை எடுத்தாள்.

"சார், அந்த வீடு வேண்டாம். எங்களுக்கு வீடு கிடைச்சிருச்சு."

மறுநாள் காலை ஜெபம். மாமா பக்கத்தைப் புரட்டுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அந்த ஒழுகுற கூரை வசனத்தையே இன்னொரு தடவை வாசிங்க. இன்னைக்கு அது எனக்கு."

அத்தை நிமிர்ந்து மாமாவை ஒரு முறை முறைத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பழைய குரல்தான்.

"அதெல்லாம் முடியாது. அது என் வசனம். உனக்கு வேணும்னா வேற தேடிக்கோ!"