எதற்கும் ஒரு தடவை

“தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர், நாங்க பாக்கற முதல் டாக்டர் நீங்க இல்ல” என்றார் அப்பா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

“கடைசி டாக்டரும் இவங்களா இருக்க மாட்டாங்க” என்று முணுமுணுத்தாள் அம்மா.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருவரையும் உட்காரச் சொன்னார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டைப் பையில் டெஸ்டர், நகக்கண்ணில் கிரீஸ். அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் வெளியே ஹாலில் இருந்தாள். வெளியூர்க் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. வருகிற வாரம் விடுதியில் சேர வேண்டும். அப்பா மட்டும் இன்னும் ‘சரி’ என்று வாயைத் திறக்கவில்லை.

“பொண்ணுக்கு எப்படி ஆரம்பிச்சது? சொல்லுங்க.”

அப்பாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மடமடவென்று ஆரம்பித்தார்.

“கை கழுவப் போனா வரவே மாட்டா டாக்டர். தோல் உரிஞ்சு ரத்தம் கசியும், அப்பவும் சோப்பை விட மாட்டா. ஒருவழியா குழாயை மூடிட்டு, ‘அப்பா, கை சுத்தமாயிடுச்சா?’ம்பா. ‘ஆயிடுச்சும்மா’ன்னு சொன்னா அப்படியே முகம் தெளிஞ்சிடும். அது துண்டுல துடைக்கிற வரைக்கும்தான். மறுபடியும் அதே கேள்வி. பெத்தவன் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது, சொல்லுங்க?”

பாவம், ஊருக்கெல்லாம் ஏறி இறங்க வழி செய்து கொடுக்கிற மனிதர், தன் வீட்டுக் குழாயடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்.

“யார் யாரைப் பாத்தீங்க?”

“முதல்ல ஒருத்தர் தோல் வியாதின்னு களிம்பு கொடுத்தார். இன்னொருத்தர், செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்கன்னு எங்களையே விரட்டி அடிச்சார். எங்க அக்கா ஒரு படி மேல போய், குழாய்க்குப் பூட்டுப் போடச் சொன்னா. அப்புறம்தான் அந்த லேடி டாக்டர் கிடைச்சாங்க. இது திமிரும் இல்ல, கெட்ட பழக்கமும் இல்ல, ஓ.சி.டி.ன்னு ஒரு நோய்னு அவங்கதான் சொன்னாங்க. வேண்டாத எண்ணம் ஒண்ணு மனசைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டி வைக்குமாம்.”

“சிகிச்சை?”

இதற்கு அம்மா பதில் சொன்னாள். “குப்பைக்கூடையத் தொடச் சொல்லிட்டு, கழுவாம உக்கார வைப்பாங்க. துடிச்சுப் போயிடுவா. அந்தத் துடிப்பு தானா அடங்கற வரைக்கும் யாரும் எதுவும் பண்ணக் கூடாது. சுத்தமா இருக்கான்னு கேட்டா, நாங்க பதில் சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லச் சொல்ல நோய்க்குத்தான் தீனி போடறோமாம்.”

“கல் மனசுக்காரங்க செய்யற வேலை டாக்டர் அது. நான் மொட்டை மாடிக்குப் போய் அழுதுட்டு வருவேன்” என்றார் அப்பா.

“மருந்தும் கொடுத்திருப்பாங்களே?”

“கொடுத்தாங்க.” அப்பா ஒரு பெரிய ஃபைலை மேஜையில் வைத்தார். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் பொறுமையாகப் பார்த்தார்.

“சரியான சிகிச்சை. நான் பாத்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்.”

“அந்தம்மாவுக்கு வயசு ரொம்பக் கம்மி டாக்டர். அனுபவம் பத்துமான்னு...”

“அதெல்லாம் பத்தும். இப்ப பொண்ணு எப்படி இருக்கா?”

“நல்லாத்தான்...” என்று ஆரம்பித்தாள் அம்மா.

“நீ சும்மா இரு. உனக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்” என்று அவளை அடக்கிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார் அப்பா. “வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது டாக்டர். லிஃப்ட்லயும் அப்படித்தான். சத்தமில்லாம ஓடும், உள்ள கயிறு தேஞ்சிருக்கும். துளி சந்தேகம் இருந்தாலும் நாங்க ஆளை ஏத்த மாட்டோம். விடுதியில ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு யாரு இருக்கா? சிகிச்சை சரிதான்னு உறுதியா ஒரு வார்த்தை சொல்லுங்க, மனசார அனுப்பி வைக்கறேன்.”

“உறுதியாவே சொல்றேன். சரியான சிகிச்சைதான்.”

“அப்பாடா!” அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கியவராக ஃபைலை அள்ளிக்கொண்டு எழுந்தார். அம்மா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

கதவுப் பிடியில் கை வைத்தவர் நின்றார். திரும்பினார்.

“டாக்டர், கோவிச்சுக்காதீங்க. எதுக்கும் ஒரு தடவை வேற யார்கிட்டயாவது காட்டிடலாமா? உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது...”

டாக்டர் பதில் சொல்லவில்லை.

“சரியான சிகிச்சைதானே டாக்டர்?”

அதற்கும் பதில் இல்லை. டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, வெளியே இருந்த மகளை உள்ளே வரச் சொன்னார்.

அவள் வந்தாள். அப்பாவின் கிரீஸ் படிந்த கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, அவரை மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“அந்த லேடி டாக்டருக்கு அப்புறம் பாத்த டாக்டருங்க எல்லாரும் சிகிச்சை சரின்னுதான்பா சொல்றாங்க. நீங்கதான் அடுத்த டாக்டரைத் தேடி என்னை இழுத்துக்கிட்டுப் போறீங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “எனக்குக் குணமாகி, இனிமே வர வேண்டாம்னு அந்த லேடி டாக்டர் அனுப்பி வச்சு மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்கு இவங்ககிட்ட நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினது உங்களுக்குப்பா.”